விசேசத்துக்கு மட்டும்

வன்னியில் குடியைப் பற்றிக் கதை எடுத்தால் இரண்டு பேர்தான் அதில் வருவார்கள். ஒருவர், பஸ் நிலையத்துக்குப் பின்னால் சாரம் குலைந்து கிடக்கிற குடிகாரர். மற்றவர், பாருக்கு அனுமதி எடுத்துக் கொடுத்ததாகச் சொல்லப்படுகிற அரசியல்வாதி. முதலாமவருக்காகக் கொஞ்சம் பரிதாபப்படலாம், இரண்டாமவரைத் தாராளமாகத் திட்டலாம், தேத்தண்ணி முடிந்ததும் எழும்பிப் போகலாம். நான் எழுத நினைப்பது இந்த இரண்டு பேருக்கும் இடையில் நிற்கிற பெருங்கூட்டத்தைப் பற்றி. அவர்களை யாரும் குடிகாரர் என்பதில்லை. கோயில் நிர்வாகத்தில் இருப்பார்கள், கமக்காரர் அமைப்பில் இருப்பார்கள், பிள்ளைகளை ரியூசனுக்குக் கூட்டிக்கொண்டு போவார்கள்.

சுகாதாரக் கணக்கெடுப்புகளுக்காக வீடு வீடாகப் போய்ப் படிவம் நிரப்புகிற வேலை எனக்கு. பரந்தனில் இருந்து முல்லைத்தீவுக்குப் போகிற வீதியில் தருமபுரம், விசுவமடு, உடையார்கட்டு, புதுக்குடியிருப்பு என்று உள்ளொழுங்கை வரைக்கும் போயிருக்கிறேன். உப்பு எவ்வளவு, மரக்கறி எத்தனை நாள், புகைத்தல் உண்டா என்று கேட்டுக்கொண்டு வந்து மதுவில் நிற்போம். அந்த இடத்தில் வீட்டின் முகம் மாறும்.

ஒரு வீட்டில் நடந்தது இது. முற்றத்தில் நெல்லுக் காய்ந்துகொண்டிருந்தது. அண்ணைக்கு ஐம்பது வயது இருக்கும்.

"அண்ணை பாவிக்கிறனீங்களோ?"

"சீச்சீ, இல்லைத் தம்பி. விசேசத்துக்கு மட்டும்."

குசினிக்குள் இருந்து அக்காவின் குரல் வந்தது. "போன மாசம் எத்தினை விசேசம் எண்டும் கேட்டு எழுதுங்கோ தம்பி."

அண்ணை சிரித்துக்கொண்டே விரல் மடக்கினார். விசுவமடுவில் ஒரு கலியாணம். பக்கத்து வீட்டுச் சாமத்தியவீடு. செத்தவீடு ஒன்று, அதன் எட்டுச் சடங்கு. கனடாவில் இருந்து மச்சான் வந்து நின்ற இரண்டு நாள். வயல் வெட்டி முடிந்த அன்று. மழை விடாமல் பெய்த ஒரு நாளும் கணக்கில் வந்தது. ஒவ்வொரு முறையும் எவ்வளவு என்று கேட்டேன். "பெரிசா ஒண்டும் இல்லை. ஒரு அரைப் போத்தல் வரும்."

படிவத்தில் இதற்கென்று ஒரு கட்டம் இருக்கிறது. ஒரே இருப்பில் 60 கிராம் தூய அற்ககோலோ அதற்கு மேலோ, கடந்த 30 நாளில் ஒரு தடவையாவது உள்ளே போயிருந்தால் அதை மிகை மதுபாவனை என்று உலக சுகாதார நிறுவனம் கணக்கிடுகிறது. சாராயத்தின் செறிவு 33.5 விழுக்காடு. 375 மில்லிலீற்றர் அரைப் போத்தலில் கிட்டத்தட்ட 100 கிராம் அற்ககோல் இருக்கிறது. அண்ணை அந்தக் கோட்டை ஏழெட்டுத் தடவை தாண்டியிருந்தார். ஆனால் ஊரில் யாரைக் கேட்டாலும் அவர் குடிக்கிறவர் இல்லை என்றுதான் சொல்வார்கள். அதில் பொய்யும் இல்லை. ஊரின் அளவுகோலில் தினமும் குடிப்பவன்தான் குடிகாரன்.

கிராம் கணக்கைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். கால் போத்தல் சாராயம், அதாவது 180 மில்லி, ஏறக்குறைய 48 கிராம். 625 மில்லிப் பெரிய போத்தலில் வருகிற 8.8 விழுக்காட்டு ஸ்ரோங் பியர் ஏறக்குறைய 43 கிராம். "நான் பியர் மட்டும்தான் அண்ணை, ஹொட் தொடுறேல்லை" என்று பெருமைப்படுகிற இளந்தாரிப் பெடியன் இரண்டு போத்தலை முடித்துவிட்டு மோட்டார் சைக்கிளில் ஏறினால், அரைப் போத்தல் சாராயத்தில் முக்கால்வாசிக்கு மேல் உள்ளே வைத்துக்கொண்டு ஓடுகிறான். அவனுடைய தாயும் "பியர்தானே" என்று ஆறுதல்படுகிறா. கள்ளு இன்னொரு கணக்கு. ஐந்து விழுக்காடு என்று வைத்துக்கொண்டால் 750 மில்லிப் போத்தலுக்கு 30 கிராம் வரும். மரத்துக்கு மரம், புளித்த நேரத்துக்கு நேரம் அது கூடிக் குறையும்.

கள்ளைச் சொன்னால் பழைய தவறணைகளைச் சொல்லாமல் விட ஏலாது. கிடுகுக் கொட்டில், மணல் தரை, கையில் பனையோலைப் பிளா, பொரித்த மீன் கொஞ்சம். பின்னேரம் வேலை விட்டு வருகிறவர்கள் இருந்து கதைத்து, பொழுதுபட வீட்டுக்குப் போவார்கள். கள்ளைச் சேர்த்து வைக்க ஏலாது, நாள் போனால் புளித்து வாய்க்கு உதவாது. அன்றன்று இறக்கினது அன்றன்று முடியும். கள்ளால் வயிறு நிறைந்துவிடும், ஆகவே குடிக்கிற வேகத்துக்கும் அளவுக்கும் உடம்பே ஒரு எல்லை போட்டது. இதை நான் பொற்காலம் என்று எழுதவில்லை. அந்தக் காலத்திலும் பொழுதுபட்டால் வேலி ஓரத்தில் பயந்து நின்ற பெண்கள் இருந்தார்கள். தினமும் குடித்து ஈரல் கெட்டுச் செத்தவர்களும் இருந்தார்கள். ஆனால் குடியின் உருவம் வேறாக இருந்தது: கொஞ்சம் கொஞ்சமாக, செறிவு குறைந்ததாக, ஒரு இடத்தில், ஒரு நேரத்துக்குள்.

இடையில் ஒன்று சொல்லிவிடுகிறேன். தவறணைக்குப் போகிறவனைக் கேவலமாகப் பார்த்து, சாராயப் போத்தலைத் துணிப்பையில் சுற்றிக்கொண்டு வருகிறவனைக் கௌரவமானவன் என்று நினைக்கிற பழக்கம் எங்களிடம் இருக்கிறது. அது சுகாதார அறிவில் இருந்து வந்ததில்லை. மரம் ஏறி இறக்கிறவனின் சாதியில் இருந்து வந்தது. அந்தக் கௌரவத்துக்காகக் கூடின செறிவுக்கு மாறினவர்கள் கொஞ்சப் பேர் இல்லை.

இப்போதைய குடியின் உருவத்தைக் காசு வருகிற நாள்தான் தீர்மானிக்கிறது. காலபோக நெல் மாசி, பங்குனியில் காசாகும். சிறுபோகம் ஆவணியை ஒட்டி. கரையோரத்தில் மீன் படுகிற நாட்கள். மேசன் வேலை, மணல் வேலை செய்கிறவர்களுக்குச் சனிக்கிழமை. வெளிநாட்டில் இருந்து உறவுக்காரர் வந்து இறங்குகிற ஆடி, ஆவணி. அந்த நாட்களில் ஊரே சேர்ந்து குடிக்கிறது. இடைப்பட்ட நாட்களில் அதே ஆட்கள் ஒரு சொட்டும் தொடாமல் இருக்கிறார்கள். வருடக் கணக்கில் கூட்டிப் பிரித்தால் நாளுக்குக் கொஞ்சம்தான் வரும். சராசரி அழகாக இருக்கும். அந்தச் சராசரியோடு யாரும் ஒருநாளும் வாழ்ந்ததில்லை.

ஈரல் சுருங்குவதற்கு வருடக் கணக்கில் குடிக்க வேண்டும். தலை உடைவதற்கு ஒரு இரவு போதும். A9 வீதியில் வெளிச்சம் இல்லாமல் நிற்கிற உழவு இயந்திரப் பெட்டிக்குள் போய் விழுவதற்கும், குளக்கட்டில் குளிக்க இறங்கித் திரும்பாமல் போவதற்கும், கலியாணவீட்டில் பந்தி முடியமுன் கத்தி எடுப்பதற்கும் ஒரு இரவு போதும். வீட்டுக்குள் விழுகிற அடியைப் பற்றி நான் விரித்து எழுதவில்லை. அதைக் கேட்கிற கேள்வி எங்கள் படிவத்தில் இருந்ததில்லை. ஆனால் "பிள்ளையளைக் கூட்டிக்கொண்டு அம்மா வீட்டை போயிடுவன்" என்று சொன்ன பெண்களுக்கு, எந்த நாட்களில் போக வேண்டும் என்பது முன்கூட்டியே தெரிந்திருந்தது.

இதில் ஒரு விசித்திரம் உண்டு. கடும் குடிகாரர் ஒருவரால் வருகிற ஆபத்து மிக அதிகம், ஆனால் அப்படியானவர்கள் ஊரில் சிலபேர்தான். விசேசத்துக்கு மட்டும் குடிக்கிறவர் ஒருவரால் வருகிற ஆபத்துக் குறைவு, ஆனால் அவர்கள் ஊர் நிறைய. சிறு ஆபத்தைப் பெருந்தொகையால் பெருக்கினால், பெரிய ஆபத்தைச் சிறுதொகையால் பெருக்கியதை விட விடை கூடிப் போகலாம். ஜெஃப்ரி ரோஸ் என்ற ஆங்கிலேய மருத்துவர் 1980களில் இதை இருதய நோய்க்குச் சொன்னார். 1986இல் நோர்மன் கிரைட்மன் என்ற மனநல மருத்துவர் மதுவுக்கும் இது பொருந்தும் என்று எழுதினார். விபத்து, சண்டை, காயம் போன்ற உடனடிச் சேதங்களைப் பொறுத்தவரை, ஒரே இருப்பில் கூடக் குடிக்கிற சாதாரண மனிசர்தான் பட்டியலை நிரப்புகிறார்கள் என்று பிறகு வந்த ஆய்வுகளும் சொல்லின.

அவர்களுக்கும் முன்னர், 1956இல், சலி லெதர்மன் என்ற பிரெஞ்சுக்காரர் இன்னொன்று சொன்னார். ஒரு சமூகம் மொத்தமாக எவ்வளவு குடிக்கிறதோ அதற்கு ஏற்பத்தான் அங்கே கடும் குடிகாரர்களின் தொகையும் இருக்கும், இரண்டும் சேர்ந்தே ஏறும், சேர்ந்தே இறங்கும் என்றார். அவருடைய கணிதச் சூத்திரத்தைப் பின்வந்தவர்கள் நன்றாகவே அடித்துத் திருத்தினார்கள். அடிப்படைக் கருத்து மட்டும் நிலைத்துவிட்டது. ஊர் குடிக்கக் குடிக்கத்தான் பஸ் நிலையத்துக்குப் பின்னால் கிடக்கிறவரும் உருவாகிறார் என்பதை எங்கள் கோயில் நிர்வாகங்களுக்கு எப்படிச் சொல்வதென்றுதான் தெரியவில்லை.

இலங்கையின் கணக்கைப் பார்ப்போம். உலக சுகாதார நிறுவனம் 2018இல் வெளியிட்ட அறிக்கையின்படி வளர்ந்தவர் ஒருவருக்கு ஆண்டுக்குச் சுமார் நாலு லீற்றர் தூய அற்ககோல். ஐரோப்பாவோடு பார்த்தால் இது பாதிக்கும் குறைவு. ஆனால் எங்கள் பெண்கள் அநேகமாகக் குடிப்பதே இல்லை. 2015இல் சுகாதார அமைச்சு நடத்திய தொற்றாநோய்க் கணக்கெடுப்பில் ஆண்களில் மூன்றில் ஒரு பங்கினர்தான் அப்போது குடிக்கிறவர்களாக இருந்தார்கள், பெண்களில் நூற்றுக்கு ஒருவர்கூட இல்லை. ஒரு கணக்குக்காக நூறு வளர்ந்தவர்கள் உள்ள ஒரு கிராமத்தை எடுங்கள். நாலு லீற்றர்ப்படி நானூறு லீற்றர். அதைக் குடிக்கிறவர்கள் இருபது ஆண்கள் என்றால் ஆளுக்கு இருபது லீற்றர், அதாவது வருடத்துக்கு எண்பது போத்தல் சாராயம். எண்பது போத்தலை விசேச நாட்களுக்குள் அடக்கிப் பாருங்கள்.

அளவு ஒன்றாக இருந்தாலும் குடிக்கிற விதம் சாவைக் கூட்டும் என்பதற்கு ரஷ்யாவைச் சொல்வார்கள். சாப்பாட்டோடு வைன் குடிக்கிற தெற்கு ஐரோப்பாவில் ஈரல்தான் கெட்டது. ஒரே மூச்சில் வொட்கா குடிக்கிற ரஷ்யாவில் நடுவயது ஆண்கள் நெருப்புக்குச்சி மாதிரி முடிந்தார்கள். 1985இல் கோர்பச்சோவ் மதுவைக் கட்டுப்படுத்தியபோது ஆண்களின் ஆயுள் சட்டென்று கூடியது. கூடவே கடைகளில் சீனி இல்லாமல் போனது, ஏனென்றால் வீட்டுக்கு வீடு காய்ச்சத் தொடங்கினார்கள். திட்டமும் சில வருடங்களில் படுத்துவிட்டது. பிறகு 2000களின் நடுவில் இருந்து படிப்படியாக விலைக்கு அடிமட்டம் வைத்தார்கள், இரவு விற்பனையை நிறுத்தினார்கள், ஒவ்வொரு போத்தலும் எங்கிருந்து வருகிறது என்று பதியத் தொடங்கினார்கள். 2003க்கும் 2016க்கும் இடையில் தலைக்கான மதுபாவனை 43 விழுக்காடு குறைந்தது.

அந்தச் சீனி விடயம் வன்னிக்காரருக்குப் புதிதில்லை. 2020இல் கொரோனா ஊரடங்கோடு நாடு முழுவதும் மதுக்கடைகள் பூட்டப்பட்டன. பங்குனி, சித்திரை முழுக்கக் காட்டுக் கரைகளில் பரல் பரலாகக் கோடா, அதாவது காய்ச்சமுன் புளிக்கவைக்கிற கலவை, பிடிபட்ட செய்திகள்தான். கசிப்பு என்கிற கள்ளச் சாராயத்துக்கு வேண்டியது சீனி, ஈஸ்ட், தண்ணி, மறைப்பு. காடும் ஆறும் உள்ள இடத்தில் மறைப்புக்குக் குறைவில்லை. பிடிபடுகிறவர்களில் பெண்களும் இருக்கிறார்கள், அதிலும் போருக்குப் பிறகு தனியாகக் குடும்பத்தைச் சுமக்கிறவர்கள். தண்டப்பணம் கட்டக் கடன் எடுத்து, அந்தக் கடனைக் கட்ட மறுபடி காய்ச்சுகிற கதை நீதிமன்ற வாசலில் யாருக்கும் புதிதில்லை.

சாராயத்தின் விலையை ஏற்றினால் சனம் கசிப்புக்குப் போகும் என்பது மதுக் கம்பனிகளுக்கும் மிகப் பிடித்தமான வாதம். அதில் உண்மை இருக்கிறது, முழுக்க இல்லை. விலை ஏறினால் ஒரு பங்கினர் கசிப்புக்குப் போகிறார்கள், ஒரு பங்கினர் அளவைக் குறைக்கிறார்கள், இளையவர்கள் தொடங்குவது பிந்துகிறது. மூன்றையும் சேர்த்துப் பார்த்தால் விலையேற்றம் உயிரைக் காக்கிற பக்கம்தான் சாய்கிறது. ஆனால் கசிப்பைக் கட்டுப்படுத்தாமல் வரியை மட்டும் ஏற்றுவது திறைசேரிக்கு நல்லது, முத்தையன்கட்டுப் பக்கத்துக் கூலித் தொழிலாளிக்கு அவ்வளவு நல்லதில்லை. அவன் குடிக்கிற கசிப்பின் செறிவு அவனுக்கும் தெரியாது, விற்கிறவனுக்கும் தெரியாது. அது எந்தப் புள்ளிவிபரத்திலும் ஏறுவதும் இல்லை.

"அப்ப இப்பிடியே இருந்தது?" என்று புலிகள் இயக்கத்தின் காலத்தைச் சொல்கிறவர்கள் எல்லா ஊரிலும் உண்டு. கசிப்புக்குத் தண்டனை இருந்தது உண்மைதான். ஆனால் அப்போதும் காய்ச்சினார்கள், ஒளித்துக் காய்ச்சினார்கள். பயத்தால் அடங்கின பழக்கம், பயம் போனதும் எங்கே போகும்? 2009க்குப் பிறகு முகாம்களில் இருந்து திரும்பி வந்தபோது மலசலகூடம் கட்டி முடியமுன் லீசிங் கம்பனி வந்துவிட்டது, பாரும் வந்துவிட்டது. மனநல மருத்துவர் தயா சோமசுந்தரம் போருக்குப் பிந்தின வன்னியைக் கூட்டு மனவடுவின் நிலம் என்று எழுதினார். குடும்பமும் ஊரும் குலைந்த இடத்தில் குடி கூடும் என்பது அவர் சுட்டிக்காட்டிய விளைவுகளில் ஒன்று. நித்திரை வராமல் குடிக்கிறவர்களை நானும் கண்டிருக்கிறேன். "கண்ணை மூடினா மாத்தளன்தான் தெரியுது" என்று, கடைசிப் போர் நடந்த இடத்தைச் சொன்னவருக்கு விழிப்புணர்வுத் துண்டுப்பிரசுரம் நீட்ட எனக்குக் கை வரவில்லை. அவருக்கு வைத்தியம் வேண்டும். ஆனால் முற்றத்தில் நெல்லுக் காயவைத்த அண்ணைக்கு மனவடு ஒன்றும் இல்லை. மச்சான் வந்திருந்தார், அவ்வளவுதான். எல்லாக் குடியையும் போரின் தலையில் கட்டுவதும் ஒருவகைச் சாட்டு.

2024 மார்கழியில் புதிய மதுபான அனுமதிப்பத்திரங்களின் மாவட்டவாரிப் பட்டியல் பாராளுமன்றத்தில் வெளிவந்தபோது, சனத்தொகையில் சிறிய கிளிநொச்சி அதில் உயர்ந்து நின்றது. 2012 குடிசன மதிப்பீட்டில் ஒரு இலட்சத்துப் பதின்மூவாயிரம் பேர் இருந்த மாவட்டம் அது. கடைகள் நெருங்க நெருங்க நடக்கிற தூரம் குறையும், குடி கூடும். ஆகவே பாருக்கு எதிராக வீதியில் இருக்கிற பெண்கள் சரியான இடத்தில்தான் இருக்கிறார்கள். எனக்கு உள்ள குறை வேறு. பாடசாலைக்கு எத்தனை மீற்றர், கோயிலுக்கு எத்தனை மீற்றர் என்று அளக்கிறோம். எத்தனை மணிக்குத் திறக்கிறது, நெல்லுக் காசு விழுகிற கிழமையில் எத்தனை மணிக்குப் பூட்டுகிறது என்று யாரும் கேட்பதில்லை. பௌர்ணமிப் போயா நாளுக்குக் கடை பூட்டலாம் என்றால் பங்குனியில் சில இரவுகளுக்குச் சற்று முன்னதாகப் பூட்டுவதில் என்ன தடை?

இந்த நாடு இப்படியான ஒன்றை ஏற்கனவே செய்து காட்டியிருக்கிறது. 1995இல் இலட்சத்துக்கு 47 பேர் தற்கொலையால் இறந்த தேசம் இது, உலகிலேயே மிக உயர்ந்தவற்றில் ஒன்று. அதே ஆண்டில் மிகக் கொடிய பூச்சிகொல்லிகளை இறக்குமதிப் பட்டியலில் இருந்து எடுத்தார்கள், 1998இல் எண்டோசல்பானை நிறுத்தினார்கள், பிறகு பரக்குவாட்டை. ஒவ்வொரு வீடாகப் போய் மனதை மாற்றவில்லை, கடைத் தட்டில் இருந்த பொருளை மாற்றினார்கள். அடுத்த இருபது ஆண்டுகளில் அந்த விகிதம் மூன்றில் ஒன்றாகிவிட்டது. அந்த மரணங்களில் பலவற்றின் பின்னால், குறிப்பாக ஆண்களின் விடயத்தில், அன்று குடித்த மதுவும் இருந்தது என்பதை ஆஸ்பத்திரியில் வேலை செய்கிற யாரும் சொல்வார்கள்.

மதுவிலும் அப்படித் தட்டில் கை வைக்கலாம். செறிவுக்கு ஏற்ற வரி முதலாவது. 8.8 விழுக்காட்டுப் பியரை விட 4.8 விழுக்காட்டுப் பியர் கையில் எடுக்கும்போதே மலிவாகத் தெரிய வேண்டும். சங்கங்கள் போத்தலில் அடைக்கிற கள்ளைச் சாராயத்தோடு ஒரே தட்டில் நிறுத்தாமல் இருக்கலாம். ஆனால் கள்ளு மருந்து என்று யாரும் விளம்பரம் செய்யத் தொடங்கினால் நான் எதிர்ப்பேன். அற்ககோல் 1988 முதலே புற்றுநோய் தருவதாக உறுதிப்படுத்தப்பட்ட பொருட்களின் வகையில் இருக்கிறது, பனையில் இருந்து வந்தாலும் அது அற்ககோல்தான்.

இன்னொன்று, ஆட்களைச் சந்திக்கிற இடம். அரச ஆஸ்பத்திரிகளில் முப்பத்தைந்து தாண்டினவர்களுக்குப் பிறசர், சீனி பார்த்து, குடி, புகை பற்றியும் கேட்கிற நிலையங்கள் 2011 முதல் நடக்கின்றன. நல்ல திட்டம். ஆனால் வரிசையில் இருக்கிறவர்கள் பெரும்பாலும் பெண்கள், குடியே தெரியாதவர்கள். காலை எட்டு மணிக்கு ஆண்கள் வயலில் நிற்கிறார்கள், மீன் வாடியில் நிற்கிறார்கள். வன்னியில் ஆண்கள் எல்லாரும் ஒரே இடத்தில், வெறி இல்லாமல், பொறுமையாகக் காத்து நிற்கிற ஒரு சந்தர்ப்பம் இருக்கிறது: வெட்டு முடிந்து நெல்லு நிறுக்கிற களஞ்சிய வாசல். காசு கையில் விழுவதற்குச் சற்று முந்தின நேரம் அது. அங்கே ஒரு மேசை போட்டுப் பிறசர் மெசினோடு இருந்து, "ஒரு தடவைக்கு எவ்வளவு அண்ணை?" என்று கேட்கலாம் என்று எங்கள் பக்கத்துப் பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடம் சொன்னேன்.

அவர் யோசித்துவிட்டு, "நல்ல ஐடியாதான். ஆனா மூண்டு மணிக்கு முந்தி மேசையை மடிச்சுப் போடோணும், இல்லாட்டி எங்களுக்கும் சேர்த்து ஊத்திப் போடுவாங்கள்" என்றார். வருகிற மாசியில் கேட்டுப் பார்ப்பதாகச் சொல்லியிருக்கிறார்.